ரீசேல் ஃபிளாட்: கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் கசிவு. மொத்த டைல்ஸையும் உடைக்கணுமா?

புதுவீடு: 2004-ல் கட்டின ஃபிளாட், ரெண்டாவது மாடி. முதல் சொந்த வீடு, இப்பத்தான் குடி வந்தோம். கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரியுது, தண்ணி சொட்டுது. ஒரு பிளம்பர் டைல்ஸ் முழுக்க உடைக்கணும்ங்கறார். இன்னொருத்தர் கீழேருந்து கெமிக்கல் ஊசி போட்டா போதும்ங்கறார். செலவை பில்டர்கிட்ட கேட்கலாமா?

கரணை: ரெண்டு பேரையும் நிறுத்தி வைங்க. ஊசி போட்டா கசிவு மறையும், தண்ணி மேலேயே தேங்கி கம்பியை அரிக்கும்.

முதல்ல தண்ணி வர்ற சப்ளை லைனை சோதிங்க. கீசர், ஹெல்த் ஃபாசெட் கழற்றி எல்லா வாயிலும் எண்ட் பிளக் போடுங்க. வால்வை மூடி, டெஸ்ட் பம்ப்பில் 5 கிலோ பிரஷர் ஏத்தி ஒரு மணி நேரம் பாருங்க. வெந்நீர் லைனுக்குத் தனியா ஒருமுறை. பம்ப் மீட்டர் முள் இறங்கினா பைப்தான். ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்னா எல்போ மரையில் துரு தின்னிருக்கும், சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாத்திடுங்க.

முள் நின்னா, நஹானி ட்ராப்பை (தரையில் தண்ணி வடியற ஓட்டை) அடைச்சு தரையில் ஒரு அங்குலம் தண்ணி கட்டி, சுவரில் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்க. மட்டம் இறங்கினா டைல்ஸ் இடுக்கு. ஆசிட் ஊத்திக் கழுவுற வீடுகளில் இடுக்கில் அடைச்ச சிமென்ட் கிரவுட் கரைஞ்சே போயிருக்கும்.

ஒண்ணு கவனம்: சங்கன் பகுதியில் (பைப் போக பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திக் கட்டின பள்ளம்) நிரப்பின செங்கல் ஜல்லி தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கும். குழாயைத் திறக்காட்டியும் பல நாள் சொட்டும். அதை வச்சு சப்ளை லைன்னு முடிவு கட்டாதீங்க.

புதுவீடு: முள் அசையலை, மட்டமும் இறங்கலை சார். அடைப்பை எடுத்து நாலு பக்கெட் ஊத்தினதும் கீழே சொட்டு ஜாஸ்தியாச்சு.

கரணை: அப்போ ட்ராப்பும் அதுக்குக் கீழே போற பைப்பும்தான். பிவிசி வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது. நாளாக நாளாக சுத்தி முடி மாதிரி விரிசல் விழும். ட்ராப்பைச் சுத்தி ஒன்றரை அடி மட்டும் உடைங்க, ஈர ஜல்லியை அள்ளுங்க. புது ட்ராப்பின் வெளிப்பக்கம் பிவிசி ஒட்டுற சால்வென்ட் பூசி, ஈரம் காயறதுக்குள்ள மணல் தூவுங்க. சொரசொரப்பில் கலவை கவ்வும். நான்-ஷ்ரிங்க் (காய்ஞ்சாலும் சுருங்காத) கிரவுட் ஊத்தி, பாலிமர் வாட்டர்புரூஃப் பூச்சு ரெண்டு கோட், குறுக்கும் நெடுக்குமா. காய்ஞ்சதும் டைல்ஸ் ஒட்டாம மறுபடி தண்ணி கட்டிப் பாருங்க. இதைத் தவிர்க்கிற கொத்தனார்தான் அதிகம், விடாதீங்க. இடுக்குக்கு எபாக்ஸி கிரவுட்.

மாடிப்படி: பில்டர் விஷயம்: ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 2016-ல் வந்தது, குறை சரிசெய்யும் பொறுப்பும் சாவி கொடுத்ததிலிருந்து 5 வருஷம்தான். உங்களுக்குப் பொருந்தாது. உங்க பாத்ரூமுக்குள்ள இருக்கற லைன் உங்க செலவு; பொதுவான செங்குத்துக் குழாய்னா அசோசியேஷன் செலவுங்கறதுதான் வழக்கம்.

கரணை: கீழ்வீட்டில் சொட்டுற பாத்ரூமின் லைட் சர்க்யூட்டை இன்னைக்கே ஆஃப் பண்ணச் சொல்லுங்க. கீழ்வீட்டு சீலிங் வேலை, ஈரம் முழுசா காய்ஞ்ச பிறகுதான்: தட்டினா பொள்ளுன்னு கேட்கிற பூச்சை எல்லாம் கொத்தி, கம்பித் துருவை வயர் பிரஷால் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் அடிச்சு பாலிமர் கலவையால் பூசணும். வெறும் பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா அடுத்த மழைக்குள்ள விழும்.