நீல நிற 'என் லைன்' (N Line) கார் ஓட்டினால் எல்லோரும் ஏன் பந்தயத்துக்கு வருகிறார்கள்?

வாத்தியாரம்மா, கோவை:

வணக்கம். கார் விவரம் தெரிந்தவர்கள் கூடும் இடம் என்பதால் இங்கே கேட்கிறேன். நான் கணக்கு ஆசிரியை. சிங்காநல்லூரில் வீடு, சூலூரைத் தாண்டிப் பள்ளிக்கூடம். பல வருடங்களாக வெள்ளை வேகன் ஆர் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். மகன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும்போது தன்னுடைய ஹூண்டாய் ஐ20 காரை, அதிலும் பந்தயத் தோற்றம் கொண்ட 'என் லைன்' மாடலை, என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். நீல உடல், கறுப்புக் கூரை, முன் சக்கரத்துக்குள் சிவப்பு அடித்த பிரேக் காலிப்பர், பின்னால் இரட்டைக் குழல் சைலன்சர். இரண்டு வண்டிக்கு வீட்டில் இடமில்லை, வேகன் ஆரைக் கொடுத்துவிட்டோம்.

ஓட்டுவது அதே நான்தான். அதே திருச்சி சாலை, ஐம்பதைத் தாண்டாத அதே வேகம். எதிரே வருபவர்களும் பின்னால் வருபவர்களும்தான் வேறு ஆட்களாகிவிட்டார்கள்.

வேகன் ஆரில் என்னை யாரும் பொருட்படுத்தியதே இல்லை. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், ஒதுங்குவேன், தாண்டிப் போவார், அத்தோடு சரி. இப்போது தாண்டிப் போகிறவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே போகிறார். நான் துரத்தவில்லை என்று தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்கிறார்! ஒண்டிப்புதூர் மேம்பாலத்தில் ஒருவர் எனக்காக இப்படி ஊர்ந்து போக, அவருக்குப் பின்னால் நானும் ஊர்ந்து போக, எங்களுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரனில் கையை வைத்தபடியே வந்தது.

சிந்தாமணிப்புதூர் சிக்னலில் நடப்பதுதான் உச்சம். பக்கத்தில் ஒரு கார் வந்து நிற்கும். ஆக்சிலரேட்டரை இரண்டு மூன்று முறை உறுமவிடுவார்கள். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்னொரு உறுமல். அப்புறம் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்ப்பார்கள். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, பக்கத்து இருக்கையில் டிபன் கேரியரும் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டும். அந்த முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பையன் உடனே கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். இன்னொருவன் கொஞ்சம் மரியாதை தெரிந்தவன், "அம்மா, பையன் வண்டியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பச்சை விழுந்ததும் எனக்கு வழிவிட்டு நின்றான். வழிவிட்டதில் எனக்கு ஏனோ இன்னும் எரிச்சல்.

இவர்களெல்லாம் சண்டைக்கு நிற்பது வண்டிக்குள் இருப்பதாக அவர்களே நினைத்துக்கொள்ளும் ஓர் இளவட்டத்தோடு. அவனோ அங்கே ஸ்டட்கார்ட்டில் ரயிலில் தொங்காமல் உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

பெட்ரோல் பங்கில் வேறு கூத்து. என்னவர் கூட வந்தால் மைலேஜ், விலை, "எவ்வளவு வரைக்கும் போயிருக்கிறீர்கள் சார்" என்று எல்லாக் கேள்வியும் அவரிடம்தான். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. பெருமையாகப் பதில் சொல்வார்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். சிரிக்க முடியாதது நீலாம்பூர் – மதுக்கரை புறவழிச்சாலை. பாலக்காட்டில் இருக்கும் அக்காவைப் பார்க்க அந்த வழியாகத்தான் போவேன். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. அங்கே பின்பக்க பம்பரை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்து ஹைபீம் அடிக்கிறார்கள். எதிரே லாரி வருவதால் நான் முந்தாமல் போனால், அதை அவர்களுக்கு விடுத்த சவாலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

என் கேள்விகள்: இதற்குக் காரணம் நிறமா, சைலன்சர் சத்தமா, பின்னால் இருக்கும் 'என் லைன்' என்ற எழுத்தா? எழுத்தைப் பிய்த்துவிட்டால் குறையுமா? அந்தப் புறவழிச்சாலையில் ஒட்டிக்கொண்டு வருபவனை எப்படிக் கழற்றிவிடுவது? விற்றுவிடு என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

பெரிய வண்டிக்காரன்:

விற்றுவிட்டு ஓர் எஸ்யூவி வாங்குங்கள் மேடம். எவனும் கிட்டே வர மாட்டான்.

சாம்பல் போலோ:

மேலே உள்ள நண்பர் கேள்வியின் கடைசி வரியைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

அக்கா, என்னிடம் இருப்பது 2014 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் சக்தியைக் கூட்டும் கருவி), 105 பிஎஸ் (குதிரைசக்தி). அந்தக் காலத்துக்கு நல்ல சூடான வண்டி. ஆனால் சாம்பல் நிறம். ஜிடி என்ற எழுத்தைத் தவிர வெளியே பெரிய அடையாளம் எதுவும் இல்லை. என்னை யாரும் சீண்டுவதில்லை. என் தம்பி அதே போலோவில் குறைந்த சக்தி கொண்ட சாதாரண மாடலைச் சிவப்பில் வாங்கி, கூரைக்குக் கறுப்பு ஒட்டி, பின்னால் ஸ்பாய்லர் வைத்திருக்கிறான். வாரம் தவறாமல் யாரோடாவது மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. எஞ்சினைப் பார்த்து யாரும் வருவதில்லை, அலங்காரத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள். எழுத்தைப் பிய்ப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இருபதடி தள்ளி வருபவனுக்கு எழுத்துக்கு முன்னால் நீலமும் இரட்டைக் குழலும் தெரிந்துவிடும். நிறத்தை மாற்றலாம் என்று யோசித்தால், பதிவுச் சான்றிதழில் இருக்கும் நிறத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் வண்டி டிசிடி (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) ஆட்டோமேட்டிக் என்றால் சிக்னலில் கிளம்பும் விதத்தைக் கவனியுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தயங்கித் தயங்கி நகரும். போகவில்லையே என்று இன்னும் கொஞ்சம் மிதிப்பீர்கள். அதற்குள் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றைத் தொட்டு டர்போ விழித்துக்கொள்ளும். 172 நியூட்டன் மீட்டர் இழுவையும் அங்கேதான் வந்து சேர்கிறது. வண்டி ஒரு குதி குதிக்கும். உள்ளே இருக்கும் உங்களுக்கு அது வெறும் தொந்தரவு. பக்கத்தில் நிற்பவன் கண்ணுக்கோ, "இந்தா பிடி" என்று நீங்கள் சொன்னதாகப் படும். வேகன் ஆரில் இந்தக் குதி கிடையாது. கிளம்பும்போது மிதியை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, தயக்கம் தீரும்வரை கூட்டாமல் இருந்து பாருங்கள்.

கல்லூரிச் சாலை:

உளவியல் பாடம் எடுப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டூப், க்ராஸ் என்ற இருவர் கலிபோர்னியாவில் செய்து 1968இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பச்சை விழுந்த பிறகும் ஒரு காரை நகராமல் நிறுத்திவைத்துப் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். பளபளக்கும் புதிய கிரைஸ்லர் நின்றபோது பன்னிரண்டு நொடிக்குள் பாதிப் பேர்தான் அடித்தார்கள். பழைய மலிவு கார் நின்றபோது ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அடித்துவிட்டார்கள். அது விலைக்குக் கிடைத்த மரியாதை. ஸ்போர்ட்டி தோற்றத்தின் சங்கதி வேறு என்பது என் எண்ணம். பணக்காரர் காருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொள்கிற அதே ஆள், தன்னாலும் வாங்க முடிகிற விலையில் ஒரு கார் கொஞ்சம் மிடுக்காக நின்றால் தாங்க மாட்டான்.

மூன்றாவது கியர்:

அம்மா, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சில வருடங்கள் பந்தயம் ஓட்டியவன் நான். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தாரே கரிவர்தன், அவர் பெயரில் 2003இல் திறந்த தடம். மொத்தம் 2.1 கிலோமீட்டர்தான். அங்கே ஓடியவர்கள் யாரும் திருச்சி சாலையில் உங்களை உறுமிக் கூப்பிட மாட்டார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தடத்தில் எல்லோருக்கும் ஒரே வகுப்புக் கார், ஒரே திசை, நேரத்தை எடுக்க ஆள், கொடி காட்ட ஆள். தோற்றால் எத்தனை நொடியில் தோற்றோம் என்று தாளில் வந்துவிடும். அதற்கு அப்புறம் வாய்ச்சவடாலுக்கு இடமில்லை. நான் இப்போது ஓட்டுவது டாக்சிக்காரர்கள் விரும்பும் வெள்ளை டிசையர். மனைவிக்கு இது பெரிய ஆச்சரியம்.

உங்களை உறுமிப் பார்க்கும் பையன்களுக்கு ஒரு தகவல்: அந்த 'என் லைன்' காரில் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர், 120 பிஎஸ் எஞ்சின். அதே காலத்துச் சாதாரண ஐ20 டர்போவிலும் இதே எஞ்சின்தான் இருந்தது. இன்னொரு தகவல்: பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை சிக்கினாலே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

அவிநாசி சாலையின் புதிய மேம்பாலத்தில் இரவில் முடிந்தவரை ஏறாதீர்கள். பத்து கிலோமீட்டர், சிக்னலே இல்லை. சீண்டுகிறவனுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது. கீழேயே போங்கள், நேரம் போனால் போகட்டும். முன்னும் பின்னும் டேஷ் கேமரா வையுங்கள். பின்னால் ஒன்று இருப்பது தெரிந்தாலே சிலர் தள்ளி வருவார்கள்.

வாத்தியாரம்மா, கோவை:

சாம்பல் போலோ தம்பி, நீங்கள் சொன்ன குதி உண்மை. இதுநாள்வரை என் கால் பழக்கம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாக ஒரே அளவில் மிதித்தால் உறுமுகிறவர்கள் தாமாகவே முன்னால் போய்விடுகிறார்கள். போகட்டும். எழுத்தைப் பிய்க்கப் போவதில்லை, மகன் வீடியோ அழைப்பில் வண்டியைக் காட்டச் சொல்வான். கேமராவுக்குச் சொல்லியாகிவிட்டது.

பெரிய வண்டிக்காரருக்கு: நன்றி. பணத்தை அனுப்பிவையுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

புறவழிச்சாலைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பதினான்கு சக்கரம்:

அதற்கு நான் சொல்கிறேன் அம்மா. சங்ககிரியிலிருந்து கொச்சிக்கு லோடு அடிப்பவன், அந்த ரோட்டில் நான் பார்க்காதது இல்லை. முதலில் எங்கள் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். சரக்கோடு சேர்த்து நாற்பது டன்னுக்கு மேல் இருக்கும் வண்டி, மிதித்த இடத்தில் நிற்காது. அதற்காகவே முன்னால் இடம் விட்டு வருவோம். உங்கள் மாதிரி வண்டிகளில் வரும் பையன்களுக்கு அது காலி இடமாகத் தெரிகிறது, சட்டென்று நுழைந்து பிரேக் போடுகிறார்கள். அதனால் கண்ணாடியில் நீலமோ சிவப்போ தாழ்வாகத் தெரிந்தால் எனக்கும் கை ஹாரனுக்குப் போகிறது. உள்ளே டீச்சர் இருப்பார் என்று இனிமேலும் நினைக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

ஒட்டிக்கொண்டு வருகிறவனைக் கழற்ற வேகத்தைக் கூட்டாதீர்கள், பிரேக்கைத் தட்டியும் காட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரை மட்டும் மெல்ல விட்டு, முன்னால் போகும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். முந்துகிறவனுக்கு வந்து ஒதுங்க இடம் வேண்டும், இல்லையென்றால் உங்கள் பின்னாலேயேதான் கிடப்பான். அதற்கும் போகாவிட்டால் பெட்ரோல் பங்க், டீக்கடை, எதுவானாலும் இண்டிகேட்டர் போட்டு முன்கூட்டியே இடது பக்கம் இறங்கிவிடுங்கள். மண் ஓரத்தில் வேகமாக இறக்கக் கூடாது, தார் விளிம்பு சில இடங்களில் அரை அடி உயரம் நிற்கிறது. உங்கள் வண்டிக்கு அடி தட்டும்.

வாத்தியாரம்மா, கோவை:

ரொம்ப நன்றி தம்பி. ஒரே ஒரு சந்தேகம். லாரிக்காரர்கள் வலது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பாமல் நேராகவே போகிறார்களே, முந்தச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?

பதினான்கு சக்கரம்:

ஊருக்கு ஒரு வழக்கம் அம்மா. சிலர் "வா" என்று போடுவார்கள், சிலர் "எதிரே வண்டி" என்று போடுவார்கள், சிலர் போட்டதையே மறந்திருப்பார்கள். கிளீனர் கையை வெளியே நீட்டிக் கூப்பிட்டாலும் சரி, எதிர்ப்பக்கம் காலியாக இருப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் முந்துங்கள்.