மலை ஏறும்போது வண்டி இழுக்கவில்லை, கிளட்ச் பிளேட் போய்விட்டதா?

துணிமூட்டை:
வணக்கம். 150 சிசி வண்டி, 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரம் இரண்டு நாள் 40 கிலோ துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுகிறேன். 70 கொண்டை ஊசி வளைவு. சமதரையில் குறையே தெரியவில்லை. மேட்டில் முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. முப்பதாவது வளைவுக்குள் கருகல் வாடை. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவ்வளவு பணம் இப்போது கையில் இல்லை.

சேலம்_ஸ்பேனர்:
தம்பி, இன்ஜினைத் தொடவே விடாதீர்கள். காலி ரோட்டில் நான்காவது கியரில் 40-இல் போய் முழுசாக முறுக்குங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் லீவரில் எவ்வளவு பிளே, அதாவது இறுகும் முன் சும்மா ஆடும் தூரம்? கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள்?

துணிமூட்டை:
சத்தம்தான் ஏறுகிறது அண்ணா. பிளே சுத்தமாக இல்லை, தொட்டவுடன் இறுகுகிறது. ஆயில், மாமா காருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது. போன மாதம் ஊற்றினேன்.

சேலம்_ஸ்பேனர்:
அந்த ஆயிலை உடனே இறக்குங்கள். நம் வண்டியில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. காரில் அப்படி இல்லை. அதனால் கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்க்கிறார்கள். இங்கே பிளேட்டுக்குப் பிடிப்பு போய்விடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும், இப்படி ஆயிலில் ஊறும் கிளட்சுக்கான தர முத்திரை அது. பிளே இல்லாவிட்டால் லீவரை விட்ட பிறகும் வயர் இழுத்தபடி நிற்கும், ஸ்பிரிங் பிளேட்டை முழுசாக அழுத்தாது. லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வையுங்கள்.

மேட்டுப்பாளையம்_150:
வாடை வந்த பிளேட் பெரும்பாலும் தேறாது. கிளட்ச் கவரைத் திறந்தால், உராய்வு பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து வளைந்திருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுப் பிளேட்டை ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறவைத்துத்தான் போட வேண்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

துணிமூட்டை:
ஆயிலும் பிளேயும் சரிசெய்து ஏறினேன். ஐம்பதாவது வளைவு வரை நன்றாகப் போய், மறுபடி வாடை. சரி என்று கவரைத் திறக்கச் சொன்னேன். மூன்று பிளேட் கருத்துப் போய், விரலால் தேய்த்தால் தூளாக வந்தது. இரண்டு ஸ்டீல் பிளேட்டில் சூடேறி மயில் கழுத்து நீலம். பிளேட், ஸ்பிரிங், கேஸ்கெட் எல்லாம் புதிது. பிளேட்டை நானே வீட்டில் ஊறவைத்துக் கொடுத்தேன். நேற்று முழு மூட்டையோடு மலை மேல் செம்மேடு வரை போய் இறங்கி, கவர் பக்கம் குனிந்து மோந்து பார்த்தேன். சூடான ஆயில் வாடை மட்டும்தான். ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும்.