பர்சனல் டிரெய்னிங் (பி.டி.) விலையைச் சொன்னதும் நழுவிவிடுகிறார்கள், என்ன செய்ய?

கணபதி டிரெய்னர்:
கோவையில் ஒரு ஜிம்மில் ஃப்ளோர் டிரெய்னராக இருக்கிறேன். சம்பளம் கொஞ்சம்தான், பர்சனல் டிரெய்னிங் பிடித்தால்தான் கமிஷன். விசாரிக்க வருபவரிடம் மாதம் 12 செஷன், 6,000 ரூபாய் என்றதும் 'வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க' என்று கிளம்பிவிடுகிறார். மேனேஜர் சொன்னபடி 5,000க்கு இறங்கியும் பார்த்தாயிற்று, அதே பதில்தான்.

எடைக்கல் அக்கா:
தம்பி, விலையை இறக்காதீர்கள். ஆயிரம் குறைத்தால் இன்னும் குறையும் போல என்றுதான் தோன்றும்.

முதலில் அவரைப் பேசவிடுங்கள். 'வெயிட் குறைக்கணும்' என்பது எல்லோரும் சொல்வது. ஏன் இப்போது என்று கேட்டால்தான் 'சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னார்' என்று வரும்.

என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் நாற்பது தாண்டிய பெண்கள். காசு பேசும் முன் ஒரு பெஞ்சைப் போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொல்வேன். பலருக்கு முட்டி உள்ளே சாயும், குதிகால் தூக்கும். பாதத்தைக் கொஞ்சம் அகட்டி, முட்டியை வெளியே தள்ளி மறுபடி செய்யவைத்தால் வித்தியாசம் அவருக்கே தெரியும். அப்புறம் விலையைச் சொன்னால் காதில் ஏறும்.

சுகர் என்று வந்தவரிடம் மூன்று மாதக் கணக்கில் பேசுங்கள். ஹெச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்ட் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைத்தான் காட்டும், அதனால் சேரும்போது ஒன்று, முடியும்போது ஒன்று எடுத்துப் பார்க்கலாம். வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லுங்கள். 'சுகரைக் குணப்படுத்துறேன்' என்று மட்டும் வாயை விடாதீர்கள். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

லேட் ஷிப்ட்:
காசு கொடுத்தவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் போன ஜிம்மில் ஒரு மெஷினில் ஏற்றி, 'உங்க உடம்புக்கு 52 வயசு' என்று பயமுறுத்தினார்கள். எனக்கு 36. சேர்ந்த பிறகு டிரெய்னர் போனைப் பார்த்துக்கொண்டே பத்து வரை எண்ணுவார். எண்ணுவதற்கு எதற்கு ஆள்? இப்போது இருப்பவர் 'உங்க ஷிப்டுக்கு வாரம் ரெண்டு நாள் போதும் சார், மீதி நாள் நடங்க' என்றார். தன் வருமானத்தைத் தானே குறைத்துச் சொன்ன ஆள் என்பதால்தான் நம்பிக் கொடுத்தேன்.

கணபதி டிரெய்னர்:
நன்றி அக்கா, பெஞ்ச் விஷயத்தை நாளைக்கே செய்கிறேன். ஆனால் உண்மையிலேயே வீட்டில் கேட்க வேண்டியவர் என்றால்?

எடைக்கல் அக்கா:
'சனிக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க' என்று சொல்லுங்கள். வந்தால் அவரையும் பெஞ்சில் உட்காரவையுங்கள்.