இடுப்பில் வைக்கவும் இலக்குச் சுடவும் ஒரே கைத்துப்பாக்கி போதுமா?

கேள்வி (கல்முனை):
நான் அரிசி மொத்த வியாபாரி. அறுவடைக் காலத்தில் பெருந்தொகைப் பணத்துடன் சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆலைகளுக்கு இரவிலும் போய்வர வேண்டியிருப்பதால், தற்பாதுகாப்புக் கைத்துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் பெற நினைக்கின்றேன். இலக்குப் பார்த்துச் சுடும் விளையாட்டைப் பழகவும் நெடுநாளைய ஆசை உண்டு. இரண்டுக்கும் ஒன்றையே வாங்கிச் செலவை மிச்சப்படுத்தலாமா?

பதில் 1 (மட்டக்களப்பு):
அண்ணன், ஒன்று மற்றதற்கு உதவாது. காரணம், சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையில் இருக்கிறது. 10 மீற்றர் போட்டிக்குரிய காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை 500 கிராம் அழுத்தத்துக்கே விடுபடலாம் என்பது விதி. அந்த மென்மை இருந்தால்தான், 11.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள பத்துப் புள்ளி வட்டத்துக்குள் 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டை மணிக்கட்டு அசையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இடுப்பில் கிடக்கும் ஆயுதத்துக்கு அதே மென்மை இருந்தால் பதற்றத்தில் விரல் பட்டாலே வெடித்துவிடும் என்பதால்தான், கிளொக் போன்ற தற்பாதுகாப்புக் கைத்துப்பாக்கிகளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அழுத்தம் வைத்திருக்கிறார்கள். மேலும், போட்டித் துப்பாக்கியின் மரப்பிடி உள்ளங்கையின் வளைவுக்கேற்பச் செதுக்கப்பட்டு, கீழ்ப்புறம் கையைத் தாங்கும் பலகையுடன் இருக்கும். அது எந்த உறைக்குள்ளும் அடங்காது.

பதில் 2 (களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற பொலிஸ்):
தம்பி, மேலே சொன்னது சரிதான். ஆனாலும் இடுப்பில் வைப்பதைக் கொண்டு இலக்கில் பழகாதவர், அதை வைத்திருந்தும் பயனில்லை. கடையில் எல்லோருக்கும் கண் போவது மிகச் சிறியவற்றின் மீதுதான். அவை பாரமற்றவை என்பதாலேயே சுடும்போது கையை உதறும். குழாய் குட்டையானதால் குறிபார்க்க மேலே வைத்திருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சுருங்கி, சிறு பிழையும் இலக்கில் பெரிதாகத் தெரியும். பத்துச் சென்ரிமீற்றர் குழாயுள்ள நடுத்தர அளவிலான 9 மில்லிமீற்றர் குண்டுக் கைத்துப்பாக்கிதான் என் தெரிவு. ஆனால், சாரத்துடன் கல்லாவில் இருப்பவருக்கு உறை மாட்ட இடுப்புவார் எங்கே? மெல்லிய சேட்டுக்கு மேலால் பிடி புடைத்துத் தெரிந்தால், பணம் இருக்கிறது என்று நீங்களே ஊருக்குச் சொன்ன மாதிரி. வியர்வையும் கடற்காற்றும் படுவதால், நாளாந்தம் துடைத்து எண்ணெய் பூசவும் வேண்டும்.

பதில் 3 (சம்மாந்துறை):
சகோதரர், எதை வாங்குவது என்பதற்கு முன்னர் கிடைக்குமா என்று பாருங்கள். யானைக்கும் பன்றிக்கும் பயந்த வயற்காரர் பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்குக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விண்ணப்பிப்பதைப் போன்றதல்ல இது. கைத்துப்பாக்கியைப் பாதுகாப்பு அமைச்சுத்தான் தீர்மானிக்கும், உயிராபத்து உண்டென்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். கிடைத்தாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கெனக் கொடுத்திருந்தவற்றையே அமைச்சு மீளாய்வுக்காகத் திருப்பிக் கேட்டது. ஆகவே விளையாட்டு ஆசைக்கு ஒரு கழகத்தில் சேர்ந்து காற்றுத் துப்பாக்கியில் பழகுங்கள். ஆலைக்காரருடனான கொடுக்கல் வாங்கலை வங்கிக் கணக்குக்கு மாற்றினால், இரவில் பணப்பையோடு போகும் தேவையே பெரும்பாலும் இராது.