மூங்கில் புதரில் வலைப் பாவாடை கட்டிய காளான், இது என்ன?

வால்பாறைக்காரன்:
ராத்திரி விடிய விடிய மழை. காலையில் லயன் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் புதர் பக்கம் போனால் செத்த எலி நாற்றம். தேடினால் எலி இல்லை, ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைக் காளான்! தலையில் பச்சையும் பழுப்புமாகக் கொழகொழவென்று ஏதோ, அதில் ஈ மொய்க்கிறது. கழுத்திலிருந்து கொசுவலை மாதிரி பாவாடை. மதியம் போட்டோ எடுக்கப் போனால் துவண்டு படுத்துவிட்டது. பக்கத்தில் கோழிமுட்டை மாதிரி ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது.

தூறல்:
ஃபாலஸ் இண்டூசியேட்டஸ் மாதிரி தெரிகிறது அண்ணா. 1798இல் பெயர் வைத்தது. வெப்பமண்டலக் காடுகளில், மக்கிய மூங்கில் சருகில் வரும். அந்தக் கொழகொழப்பில்தான் வித்துகள். நாற்றத்துக்கு வரும் ஈக்கள்தான் அதைச் சுமந்துபோய்ப் பரப்பும். அந்த முட்டை அடுத்த காளான், விட்டுவையுங்கள்.

சட்டிபானை:
சீனாவில் இதை வளர்த்து, காயவைத்து சூப்பில் போடுகிறார்களே?

தூறல்:
நாற்றமடிக்கும் தலையை நீக்கிவிட்டு. போட்டோ பார்த்துக் காட்டுக்காளானைச் சட்டியில் போடாதீர்கள், தயவுசெய்து.

வால்பாறைக்காரன்:
சாப்பிடுவதா! அந்த நாற்றத்துக்கு எங்கள் வீட்டு நாய்கூடக் கிட்டே போகவில்லை. முட்டையைச் சுற்றி நாலு குச்சி நட்டிருக்கிறேன். நாளை ஐந்தரைக்கே டார்ச்சோடு போகிறேன்.