தரம் பத்துப் பிள்ளைகளுக்குக் குவாண்டத்தை எப்படிச் சொல்வது?

மஸ்கெலியா டீச்சர்:
வணக்கம். தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை ஒரு பையன், “டீச்சர், குவாண்டம் என்றால் என்ன?” என்று கேட்டுவிட்டான். போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஷ்ரோடிங்கர் என்ற விஞ்ஞானி பெட்டிக்குள் அடைத்ததாகக் கற்பனை செய்த பூனையைச் சொன்னேன். பெட்டியைத் திறக்கும் வரை அது உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது என்றதும் பின் வரிசையில் ஒருத்தி, “பெட்டியில் மூச்சுவிட ஓட்டை போட்டிருக்கிறார்களா?” என்றாள். அதோடு பாடம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பாடவேளை, 40 நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆய்வுகூடம் என்று எங்களிடம் இருப்பது ஒரு அலுமாரி. சமன்பாடும் இல்லாமல், பொய்யும் இல்லாமல் எதிலிருந்து தொடங்கலாம்?

பண்டாரவளை வயர்மேன்:
டீச்சர், பூனையை விட்டுவிடுங்கள். குவாண்டக் கணக்கை அப்படியே பெரிய பொருளுக்குக் கொண்டுபோனால் எவ்வளவு அபத்தமாக வருகிறது என்று காட்டத்தான் ஷ்ரோடிங்கரே 1935இல் அதைச் சொன்னார். தொடக்கத்துக்கு ஆகாது.

தேயிலைக் கொழுந்திலிருந்து தொடங்குங்கள். பேர் விழுகிற கணக்கை உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். ஒருநாள் அம்மா மழையில் நனைந்துகொண்டு 19 கிலோவோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்தார். தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோ கழித்தார்கள். அரைப்பேர். முக்கால் பேர் என்று ஒன்று செக்ரோலில், சம்பளப் பதிவேட்டில், கிடையாது.

இப்போது நூறு ஆட்கள் தலைக்குப் பத்துக் கிலோ கொண்டுவந்தால்? மொத்தம் ஆயிரம் கிலோ, முழுப்பேர் ஒன்றுகூட விழாது. ஒருத்தி தனியாக 22 கிலோவோடு வந்தால் முழுப்பேரும் விழும், மேலே நாலு கிலோவுக்குக் காசும் கிடைக்கும்.

ஒளி பட்டு உலோகத்திலிருந்து இலத்திரன் வெளியே வருகிற ஒளிமின் விளைவும் இதேதான். நாக (துத்தநாக) உலோகத் தகட்டில் சிவப்பு விளக்கை எவ்வளவு நேரம் பிடித்தாலும் இலத்திரன் வெளியே வராது. மங்கலான ஊதாக்கடந்த (அல்ட்ராவயலட்) கதிர் பட்டால் உடனே வரும். ஒளி குழாய்த் தண்ணீர் போல ஒழுகுவதில்லை, கூடை கூடையாக வருகிறது. இந்தக் கூடைதான் குவாண்டம். சிவப்பின் கூடை சின்னது, ஊதாக்கடந்த கதிரினது பெரியது. ஒரு இலத்திரனுக்கு ஒரு கூடை. நாலு சின்னக் கூடையை ஒரே பேரில் போட முடியாது. மிஞ்சுகிற கிலோதான் வெளியே வந்த இலத்திரனின் இயக்கச் சக்தி. 1900இல் பிளாங்க், சூடான பொருள் விடுகிற ஒளியின் கணக்குச் சரிவர வேண்டுமே என்று அரை மனதோடு கூடையைக் கொண்டுவந்தார். 1905இல் ஐன்ஸ்டைன், ஒளியே கூடையாகத்தான் வருகிறது என்றார். அவருக்கு 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இதற்குத்தான், சார்புக் கொள்கைக்கு அல்ல.

செய்து காட்ட, இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கர் இரண்டு வாங்குங்கள். பழைய ஒளி தீர ஒரு இரவு புத்தகத்துக்குள் வைத்து மூடிவிடுங்கள். வெசாக் கூட்டுக்கு ஒட்டுகிற செலோபேன் தாளை போன் டோர்ச்சில் சுற்றி, ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம் பிடியுங்கள். சிவப்பை அஞ்சு நிமிடம் பிடித்தாலும் ஸ்டிக்கர் முழிக்காது.

பதுளை பௌதிகம்:
அண்ணன் சொன்ன பேர்க் கணக்கை நான் உயர்தர வகுப்புக்கே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உலகத்தில் இரண்டே அளவுக் கூடைதான் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். கூடையின் சக்தியை இலத்திரன்வோல்ற்று என்ற அலகில் சொன்னால், 650 நானோமீற்றர் அலைநீளச் சிவப்புக்கு 1.9, 450 நீலத்துக்கு 2.8 அளவில் வரும். இடையில் எந்த அளவும் வரலாம். கூடை நிறத்துக்கு ஏற்ப மாறும், பேர் விழுகிற எல்லைதான் ஒவ்வொரு உலோகத்துக்கும் நிலையானது. ஸ்டிக்கரில் இலத்திரன் வெளியே பாய்வதும் இல்லை, உள்ளேயே மேல்படிக்கு ஏறுகிறது. இரண்டையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கூடை என்றால் அலை இல்லையா என்று எவனாவது கேட்பான். இரண்டும்தான்; இலத்திரனும் அப்படித்தான். 1989இல் ஜப்பானில் டொனொமுராவின் குழு இலத்திரன்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தது. தகரத்தில் முதல் மழைத்துளி விழுவது போலத் தாறுமாறாகப் புள்ளிகள். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் வரிவரியாக அலைக்கோலம். அதை அடுத்த வெள்ளிக்கு வையுங்கள், ஒரே நாளில் இரண்டும் வேண்டாம்.

மஸ்கெலியா டீச்சர்:
செய்து பார்த்தேன். சிவப்புத் தாளை ஒரே சுற்றுச் சுற்றினால் ஸ்டிக்கர் கொஞ்சம் ஒளிர்ந்தது, தாளுக்குள்ளால் நீலம் கசிகிறது போல. நாலாக மடித்ததும் சுத்தமாக இருட்டு. வகுப்பில் யன்னலுக்குச் சாக்குக் கட்டினோம். நீலத்துக்கு ஒளிர்ந்தபோது போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே வந்துவிட்டது.

கூடைக் கதை முடிந்ததும் அதே பின் வரிசைக்காரி எழும்பினாள்: “டீச்சர், இலத்திரனுக்கும் தண்ணீர் கழிப்பார்களா?” சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

பண்டாரவளை வயர்மேன்:
சிரிக்காதீர்கள் டீச்சர், கழிப்பார்கள்! உலோகத்தை விட்டு வெளியேற அந்தக் கூடையிலிருந்து கொடுக்க வேண்டிய கழிவுக்கு வேலைச்சார்பு என்று பெயர். பேர் விழுகிற எல்லை என்று முன்னே சொன்னதும் இதுதான். நாகத்துக்கு ஏறக்குறைய 4.3 இலத்திரன்வோல்ற்று. மழை நாளிலும் அதேதான் என்று அவளிடம் சொல்லுங்கள்.