குகை சர்வே ஃபைல் கைமாறியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தெம்பனிஸ் வௌவால்:
குகையை அளந்த எண்களைக் கைமாற்ற ஒரு பொதுவான ஃபைல் வடிவம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம், அதில் என்ன இருக்கவேண்டும் என்பதில்தான் இழுபறி. அதனால் முதலில் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். என்னுடையது: ஈப்போ பக்கம் ஒரு சுண்ணாம்புக் குன்று. பழைய குழு அளந்தது, காம்பஸ் என்ற குகை சர்வே மென்பொருளின் டாட் (.DAT) ஃபைலாக வந்தது. நண்பர் ஒருவர் தானே எழுதிய ஸ்கிரிப்டில் அதை ஓட்டி, குன்றின் உயர வரைபடத்தோடு சேர்த்து, தேக்கா கோப்பிக்கடையில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். குகை குன்றின் உச்சியைப் பிளந்துகொண்டு வானத்தில் நீட்டி நிற்கிறது! மேசை துடைக்க வந்த அங்கிள்கூட நின்று பார்த்தார். டாட் ஃபைலில் நீளம் எப்போதும் தசம அடிதான். தலைப்பில் இருக்கும் ஃபார்மட் எழுத்துகள் திரையில் எப்படிக் காட்டுவது என்று மட்டும் சொல்லும். உள்ளே இருப்பது அடி என்று ஃபைலில் ஒரு வார்த்தை கிடையாது. மீட்டரில் வளர்ந்த நமக்கு 30.5 என்று பார்த்தால் மீட்டர் என்றுதானே தோன்றும்? ஸ்கிரிப்டும் அப்படியே எடுத்துக்கொண்டது.

உட்லண்ட்ஸ் புழு:
எனக்கு பேக்சைட், அதாவது திரும்பிப் பார்த்து எடுக்கும் அளவு. தாழ்வான தவழ்வழி, பாதி தண்ணீர். சில ஸ்டேஷனுக்கு (அளக்கக் குறித்த புள்ளி) பின்னால் தலையே நுழையாது. அதனால் அங்கெல்லாம் முன்னோக்கி எடுக்காமல், அடுத்த ஸ்டேஷனிலிருந்து திரும்பிப் பார்த்து மட்டும் எடுத்திருக்கிறார்கள். திசைமானி படித்தவர் நல்லது செய்வதாக நினைத்து 180-ஐ மனக்கணக்கில் கழித்துவிட்டார். கருவி காட்டியது 252, நோட்டில் 72. மென்பொருளுக்கு அது எப்படித் தெரியும்? இன்னொரு தடவை திருப்பிப் போட்டது. பாதை ஒழுங்காகப் போகிறது, திடீரென்று வந்த வழியே ஓடுகிறது, மறுபடி ஒழுங்காகப் போகிறது. அந்தக் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முன், பின் இரண்டும் இருந்த லெக்கில் (இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள கோடு) முரண்பாடு உடனே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் இருந்தால் எந்த மென்பொருளும் வாய் திறக்காது.

கோப்பி சி:
வௌவால், அலகெல்லாம் ஒரு பிரச்சினையா? குகை மூன்று மடங்கு வீங்கினால் குழந்தைகூடச் சொல்லும். ஆளைக் கவிழ்ப்பது சின்னப் பிழை. காந்த விலக்கத்தை, அதாவது திசைமானி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அது ஒரு டிகிரிகூட இல்லை என்பதால் நம்மவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். காலி என்றால் பூஜ்யமா, தெரியாதா, ஏற்கெனவே சேர்த்தாயிற்றா? நான் இங்கிலாந்தில் இருந்தபோது கைக்கு வந்த பழைய ஃபைலில் யாரோ விலக்கத்தை ஒவ்வொரு திசை எண்ணிலும் சேர்த்துவிட்டு, தலைப்பிலும் அதே எண்ணை விட்டுவைத்திருந்தார்கள். இரண்டு தடவை ஏறிவிட்டது. உள்ளே ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவருக்குக் கேட்கும் இரண்டு பாதைகள், திரையில் எங்கோ தள்ளித் தள்ளி. ஒரு டிகிரி தப்பினால் 100 மீட்டரில் 1.75 மீட்டர் விலகும். அதுவும் வருடத்துக்கு வருடம் மாறும் சமாச்சாரம். கிரீனிச்சில் 2019-இல்தான் விலக்கம் பூஜ்யத்துக்கு வந்தது, 1980-களில் பல டிகிரி மேற்கே இருந்தது. அளந்த தேதி இல்லாத ஃபைலை நான் தொடுவதே இல்லை.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட்:
அலகு பிரச்சினை இல்லையா, தம்பி? பேராக்கின் குவா தெம்புருங் குகையில் என்எஸ் (கட்டாய ராணுவச் சேவை) முடித்த பையன் ஒருவன் ராணுவத் திசைமானியை வைத்துக்கொண்டு "1240!" என்று கத்தினான். நோட்டு எழுதியவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவனையே பார்த்தாள். டிகிரிக்குப் பதில் ராணுவம் கோணத்தை அளக்கும் மில் அலகு, வட்டத்துக்கு 6400 மில் என்று பழகிய கை. 360-ஐத் தாண்டியதால் பிடித்தோம். 240 மில் என்று வந்திருந்தால் அது 13.5 டிகிரி, நாங்கள் 240 டிகிரி என்றே எழுதியிருப்போம்.

அது கிடக்கட்டும். ஃபைல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கருவி பொய் சொன்னால் போச்சு. ஹெட்லேம்ப் பேட்டரி, எஃகுக் காரபினர், கம்பி ஃபிரேம் கண்ணாடி எதையும் திசைமானிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சுற்றுலாப் பாதையின் கைப்பிடிக் கம்பி அதைவிட மோசம். டிஸ்டோ எக்ஸ் (நீளம், திசை, சாய்வு மூன்றையும் அளக்கும் லேசர் கருவி) வைத்திருப்பவர்கள் பேட்டரி மாற்றினால் திரும்ப கேலிப்ரேட் செய்யுங்கள், அதாவது கருவியின் பிழையைச் சரிசெய்யுங்கள். 14 திசை, ஒவ்வொன்றிலும் கருவியை உருட்டி 4 தடவை, மொத்தம் 56 ஷாட். வீட்டுக்குள் செய்யாதீர்கள், நம் புளோக் சுவர் முழுக்க இரும்புக் கம்பி. மரங்கள் உள்ள பூங்காவுக்குப் போங்கள். செய்த தேதியையும் கருவியின் எண்ணையும் ஃபைலில் எழுதுங்கள். ஒரே கருவி கெட்டது என்று பிறகு தெரிந்தால், அது தொட்ட லெக்குகளை மட்டும் சந்தேகப்பட்டால் போதும். நோட்டு எழுத பென்சில் எடுத்துப் போங்கள், பேனா ஈரத்தில் எழுதாது.

யீஷூன் அக்கா:
அண்ணே, கேலிப்ரேஷன் பாடம் யாரும் கேட்கலையே! நான் சொல்ல வந்தது வேறு. சரவாக்கில் ஒரு குகை வாசல், உண்ணும் பறவைக்கூடு எடுக்கும் இடம். மேலே பெலியான் மரக் கம்பங்கள், கீழே காவலுக்கு ஒரு பெரியவர். நாங்கள் வெளியே வந்ததும் கை நீட்டி என் போனை வாங்கினார். டோப்போட்ராய்டு என்ற குகை சர்வே செயலியில் கோடுகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேப்பைத் திறக்கச் சொன்னார். வாசலில் புள்ளி வைத்திருக்கிறேனா என்பதுதான் அவர் கவலை. கூடு திருடர்களுக்கு உள்ளே எத்தனை லெக் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? வாசல் எங்கே என்பது போதும். ஆகவே வாசலின் ஆயத்தொலைவு தனித் துண்டாக இருக்கவேண்டும், அதைக் கழற்றிவிட்டாலும் மீதி ஃபைல் ஓடவேண்டும். ஸ்டேஷன் பெயருக்கு முன்னால் குகை, குழு, வருடம் சேர்ப்பதையும் கட்டாயமாக்குங்கள். சரவாக்கின் முலு குகைகள் மாதிரி 1977-78-இலிருந்து குழு குழுவாகப் போய் அளக்கும் இடத்தில் எல்லோரும் ஏ1-இலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகும்?

தெம்பனிஸ் வௌவால்:
அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கணக்கிட்ட எக்ஸ், ஒய், இசட் ஆயத்தொலைவுகள் வேண்டாம், கருவியில் படித்த எண் மட்டும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலகு, பேக்சைட் திருத்தியதா இல்லையா, தேதி, கருவி. குகைச் சுவர்களின் வடிவத்தை வரையும் படம் இந்த வடிவத்தின் அடுத்த பதிப்பில்.

உட்லண்ட்ஸ் புழு:
படம் இல்லாமல் என்ன சர்வே, லா? சரி, பிறகு சண்டை போடுவோம். ஆனால் ஜேசன், எக்ஸ்எம்எல் என்று குறிகள் நிறைந்த வடிவங்களுக்குப் போகாதீர்கள். சர்வெக்ஸ் என்ற குகை சர்வே மென்பொருளின் ஃபைல் மாதிரி வெறும் எழுத்தாக இருந்தால் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். பேக்சைட் மட்டும் உள்ள அந்தத் தவழ்வழித் தரவைச் சோதிக்கத் தருகிறேன், வாசலைக் கழற்றிவிட்டு.

கோப்பி சி:
வௌவால் பட்டியலில் காந்த விலக்கம் எங்கே? அதைக் காலியாக விட முடியாது என்று போட்டால் சோதிக்கும் ஸ்கிரிப்டை நானே எழுதித் தருகிறேன். இல்லையென்றால் ஆளை விடுங்கள்.